கால்மைல் அண்ணனின் ரேஸ் கார்

நெய்வேலியில் வேகத்தைப் பற்றி முழுசாகத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் உலகத்திலேயே மெதுவாகப் போகிற வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத யந்திரத்தை நாங்கள் பக்கெட் வீல் என்போம். அடுக்குமாடி வீடு ஒன்று கையை நீட்டி மண்ணை அள்ளுவது போல இருக்கும். வெட்டுகிற வேகம் என்னவோ பிரமாதம்தான். ஆனால் இடம்விட்டு இடம் நகரும்போது, அது நகர்கிறது என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். அதன் ஆபரேட்டர்தான் எங்கள் கால்மைல் அண்ணன். ஒரு தடவை வழியில் படுத்திருந்த ஆடு ஒன்று, சைரன் அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். "அதுக்குத் தெரியும் கண்ணு, இவன் வந்து சேர்றதுக்குள்ள குட்டியே போட்டுட்டுப் போயிரலாம்னு" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கும் அவர் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் கால்மைல். பால் பூத் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒன்றரைக் கால்மைல் என்பார். தியேட்டர் எட்டுக் கால்மைல். சொந்த ஊரான பொள்ளாச்சி? "அதையெல்லாம் எண்ணக்கூடாதுங் கண்ணு, அழுகை வந்துரும்" என்பார்.

இந்தக் கால்மைல் பைத்தியம் அவருக்குப் பிடித்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. நான் அப்போது ஸ்டோர்ஸில் கிளார்க், கல்யாணமாகாதவன், அவருக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். யந்திரம் பூட்ட வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அண்ணனிடம் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்துச் சொல்ல நான் அழைக்கப்பட்டேன். நடுப்பக்கத்தில் மூக்கு நீண்ட கார் ஒன்று இருந்தது. முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு, பின்னால் டிராக்டர் சக்கரம் மாதிரி இரண்டு.

"இது எங்க போகும் கண்ணு?"

"எங்கேயும் போகாதுண்ணே. கால் மைல் நேரா ஓடும். அப்புறம் நின்னுடும்."

"வளையாதா?"

"வளையாது."

"சாமான் ஏத்தாதா?"

"ஏத்தாது."

"அப்புறம் எதுக்குத்தான் ஓடுது?"

"பக்கத்துல ஓடுற காரை முந்திப் போறதுக்கு. அவ்வளவுதான்."

அவர் மனைவி சரசு அக்கா வைத்த காபியில் ஆடை படிகிற வரைக்கும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "மனுசன் கண்டுபிடிச்சதுலயே இந்த அளவுக்கு உபயோகமில்லாத சாமான் வேற கிடையாது. நாம ஒண்ணு பண்ணிப்போடோணும்."

வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தை ஒட்டி தகர ஷெட் ஒன்று எழுந்தது. கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் நாயகம், கன்வேயர் பிரிவில் வெல்டர், திருநெல்வேலிக்காரர். இன்னொருவன் மணிவேல். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், கான்ட்ராக்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எந்த எஞ்சினையும் காதை வைத்துக் கேட்டே குணமாக்கிவிடுவதாகச் சொல்லிக்கொள்வான். நான் ஆங்கிலம் படித்துச் சொல்கிறவன். எனக்கு ஸ்பேனர் தரக்கூடாது என்று முதல் வாரமே ஏகமனதாக முடிவாகிவிட்டது.

எஞ்சின் பண்ருட்டியில் கிடைத்தது. பலாப்பழ மண்டி ஒன்றின் பின்கட்டில், பழக் குவியலுக்கு அடியில், ஒரு காலத்தில் அமெரிக்கக் காராக இருந்த ஏதோ ஒன்று கிடந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். மணிவேல் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினான், பெட்ரோலில் கழுவினான், ஒரு தடவை சீயக்காய் கூடப் போட்டான். பலாப்பழ வாசனை மட்டும் போகவே இல்லை. எஞ்சின் சூடானால் போதும், தெருப் பிள்ளைகள் எல்லாம் "பழம் அறுத்துட்டாங்க" என்று கிண்ணத்தோடு ஓடி வந்துவிடுவார்கள்.

காருக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற வேலை நாயகத்திடம் போனது. கன்வேயர் தாங்கிகளையே வாழ்நாளெல்லாம் பற்றவைத்தவர் அவர். பத்திரிகைப் படத்தில் இருந்த மெல்லிய குழாய்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன அண்ணாச்சி இது, குச்சி குச்சியா வச்சிருக்காவ? மனுசன் உக்காருற சாமான்லா? நாளைக்கு முறிஞ்சா யாரு பதில் சொல்லுறது?"

"வெயிட்டு கம்மியா இருந்தாத்தான் வேகமாப் போகும் நாயகம்."

"முதல்ல நிக்கட்டும் அண்ணாச்சி. பொறவு போவும்."

சுரங்கத்தில் எதைக் கட்டினாலும் மழை, புயல், பூகம்பம் மூன்றும் ஒரே நாளில் வந்தாலும் நிற்க வேண்டும். அந்தப் புத்தி நாயகத்தின் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கேயாவது ஓர் இரும்பை வைத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் போவார். டிரைவர் சீட் ஒரு பக்கம் இருந்தால் கார் சாயும் என்று மறு பக்கத்திலும் ஒரு சீட் வைத்தார். காரின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வெல்டு போட்டிருந்தார். அந்தக் கார் மேல் நம்முடைய வீட்டை வைத்தாலும் தாங்கியிருக்கும்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். அண்ணன் வேலைக்குப் போகும்போது நாயகம் திரும்பி வருவார், நாயகம் தூங்கும்போது மணிவேல் வருவான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஷெட்டில் நின்றதை நான் பார்த்ததே இல்லை. அண்ணனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "மைன்ஸ் என்னைக்காச்சும் நிக்குதா? ஒருத்தன் விட்ட எடத்துல இன்னொருத்தன் புடிச்சுக்கிறான். காரும் அப்படித்தான்."

சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றிவிடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்த வேலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பாக்கி இருக்கிற கோளாறை மட்டும்தான் அடுத்தவரிடம் சொல்வார்கள். வேலையை முடித்தேன் என்று சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று கருதப்பட்டது. இந்த வழக்கத்தை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவந்தார் அண்ணன். ஒரே வித்தியாசம், அங்கே சொல்வதற்கு அடுத்த ஷிப்ட்காரர் எதிரில் நிற்பார். இங்கே நடுவில் நின்றவர் சரசு அக்கா.

அக்காவுக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் ஒரு சொல் கூடக் குறையாமல் ஒப்பித்துவிடுவார். கையில் கரண்டியோடு அடுக்களை ஜன்னலில் நின்று, "கிளட்ச்சுல எண்ணெய் ஒழுகுதாமா, வாசரை மாத்தோணுமாமா. அப்புறம் தோசை ரெண்டு இருக்கு, தின்னுட்டு ஆரம்பிங்க" என்பார். தோசையும் கோளாறும் சேர்ந்தே கை மாறின.

ஒரு நாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் தலைகீழாகப் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். தலைகீழாக இருந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் ஹெல்மெட்டுமாக ஓடிக்கொண்டே கத்தினார்.

"ஏம்புள்ள சரசு! ஆக்ஸிலைத் திருப்பிப் போடோணும்! யாரு வந்தாலும் சொல்லிப்போடு!"

"சரிங்க!"

அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

காரை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி முதல் தடவை முடுக்கிய சத்தம் எங்கள் பிளாக் முழுக்கக் கேட்டது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றிய சுற்றில் பலா மரத்திலிருந்து பிஞ்சுகள் உதிர்ந்தன. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்கு. வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. நெய்வேலியில் பகல் பன்னிரண்டு மணிதான் நடுநிசி. நைட் ஷிப்ட் முடித்தவன் நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம். தெருவில் பாதிப் பேர் லுங்கியோடு வாசலில் நின்றார்கள்.

புகார் போயிற்று. குவார்ட்டர்ஸுக்கெல்லாம் பொறுப்பான எஸ்டேட் ஆபீஸர் தம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கறாரான ஆள், ஆனால் நியாயஸ்தர். ஷெட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"பலாப்பழம் வச்சிருக்கீங்களா?"

"எஞ்சினுங்க சார்."

"என்னய்யா இது?"

"ரேஸ் காருங்க சார். கால் மைல் ஓடுமுங்க."

"இதுவா? ஓடும்?" அவர் நாயகத்தின் இரும்பு வேலையைத் தட்டிப் பார்த்தார். "பாலம் மாதிரி இருக்கு."

நாயகம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "நன்றி சார்" என்றார்.

கடைசியில் ஆபீஸர் ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஷெட் அனுமதியில்லாம கட்டினது. பிரிக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா உழைச்சிருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டாவது சுரங்கத்துக்குப் போட்டிருக்கிற புது ரோட்டுல, என் கண்ணு முன்னால கால் மைல் ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்சுன்னா ஷெட் இருக்கட்டும், தூங்குற நேரத்துல மட்டும் எஞ்சினைத் தொடக்கூடாது. ஓடலைன்னா ஷெட்டையும் பிரிச்சு, இதையும் பழைய இரும்புக்குப் போட்டுடணும். அதுவரைக்கும் டவுன்ஷிப் ரோட்டுல இதை ஓட்டக்கூடாது."

அந்த வாரம் முழுக்க அண்ணன் சாப்பிட்டதாக நான் பார்க்கவில்லை. பக்கெட் வீல் கேபினில் உட்கார்ந்திருக்கும்போதும் கை தானாக கியர் போட்டுக்கொண்டிருந்ததாம். "ரெண்டு வருசம் கண்ணு" என்று என்னிடம் வேலியருகே நின்று சொன்னார். "வேற எதுவும் நான் ஆசைப்பட்டதில்லை."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டிராக்டர் ஒன்று காரை இழுத்துக்கொண்டு போயிற்று. கோயில் தேர் போவது போலப் பின்னாலேயே சைக்கிளில் பாதி ஊர். இன்னும் திறக்காத புது ரோடு, கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. இரண்டு பக்கமும் செம்மண், அதற்கப்பால் முந்திரித் தோப்பு. ஆபீஸர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சரசு அக்கா மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் சகிதமாக வந்து சக்கரத்தடியில் பழம் வைத்தார். அண்ணன் சுரங்கத்து மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். நாயகம், மணிவேல் இருவருக்கும் அன்றைக்கு லீவு. மூவரும் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றார்கள்.

கொடி என் கையில் இருந்தது. காருக்கு முன்னால் ஓரமாக நின்று தூக்கினேன். எஞ்சின் உறுமியது. பலாப்பழ வாசனை ரோட்டை நிறைத்தது. கொடியை இறக்கினேன்.

கார் பாய்ந்தது. பின்னால்.

இத்தனை வேகமாக எதுவும் பின்னால் போய் நான் அதுவரை பார்த்ததில்லை. டிராக்டர்காரர் ஒரு பக்கம் குதித்தார், சைக்கிள்கள் ஒரு பக்கம் சரிந்தன, கார் ரோட்டை விட்டு இறங்கி முந்திரித் தோப்புக்குள் புகுந்து, செம்மண் புகைக்குள் மறைந்து நின்றது. புகை அடங்கியபோது அண்ணன் முந்திரி இலைகளுக்கு நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காருக்கு ஒரு கீறல் கிடையாது. அது மோதிய முந்திரி மரத்தின் கதிதான் பரிதாபம்.

எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நாயகம். ஆக்ஸிலைத் திருப்பிப் போட்டியா?"

"போட்டேனே அண்ணாச்சி. மதினி சொன்ன அன்னைக்கே போட்டேன்."

மணிவேல் தலையைச் சொறிந்தான். "இன்னாண்ணே சொல்றீங்க? நான்தானே திருப்புனேன்? காலையில டூட்டி முடிச்சுக்கினு வந்தேன், அக்கா சொல்லிச்சிங்க, உடனே திருப்பிட்டுத்தான் வூட்டுக்கே போனேன்."

எல்லாரும் சரசு அக்காவைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து நின்றார். "நீங்கதான சொன்னீங்க? யாரு வந்தாலும் சொல்லுன்னு. ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன்."

நாயகம் சரியாகப் போட்டதை மணிவேல் மறுபடியும் தலைகீழாக்கியிருக்கிறான். வெல்டுக்கு மேல் வெல்டு போட்டிருந்ததில் எது மேல்பக்கம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. முடித்த வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் இருவரும் பேசவில்லை. அந்தரத்தில் சுற்றியபோது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது என்று, அழுதுகொண்டிருந்த எங்களில் யாரும் பார்க்கவில்லை. இப்போது அந்தக் காருக்குப் பின்னால் போக மூன்று கியர், முன்னால் போக ஒன்றே ஒன்று.

ஆபீஸர் குடையை மடக்கினார். "சரி, அவ்வளவுதானே?"

நாயகம் அண்ணனின் காதருகே வந்தார். "அண்ணாச்சி, ரிவர்ஸ் கியரைப் போட்டா முன்னால போவும்லா? மெதுவா உருட்டிக் கொண்டு போயிருங்க. கால் மைல் ஓடணும்னுதான சொன்னாரு. இவ்வளவு வேகத்துல ஓடணும்னு சொல்லலியே. ஷெட்டு பொழச்சிரும்."

நல்ல யோசனைதான். நானாக இருந்தால் உடனே ஏறியிருப்பேன். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஷிப்டு முழுக்க நடக்குற வேகத்துலதான் போயிட்டிருக்கேன் நாயகம். லீவு நாள்லயுமா?"

பிறகு ஆபீஸரிடம் போனார். "சார், கார் ஓடோணும்னுதான சொன்னீங்க? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோணும்னு சொல்லலீங்களே?"

ஆபீஸர் அவரை உற்றுப் பார்த்தார். "பின்பக்கமாவே கால் மைல் ஓட்டப் போறீரா? கவுந்தா?"

"நாயகம் கட்டினது சார். கவுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

காரை அப்படியே திருப்பி நிறுத்தினோம். வால் முன்னால், மூக்கு பின்னால். அண்ணன் ஏறி உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினார். நாயகம் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பாதுகாப்பு இரும்புகளில் ரோடே தெரியவில்லை. அந்தச் சீட்டிலிருந்து ஒரு துண்டு ஆகாயம்தான் தெரிந்தது. முதல்முறையாக அவர் முகம் விழுந்துபோயிற்று. அது எனக்குத் தாங்கவில்லை.

சரசு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. மறு பக்கத்துச் சீட்டில் ஏறி, பின்பக்கம் பார்த்து முட்டி போட்டு, இரும்புக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"எனக்குத் தெரியுதுங்க. நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க."

"ஏம்புள்ள, வேண்டாம்."

"ரெண்டு வருசமா யாரு சொல்லி ஓடுச்சு இந்தக் கார்? ஓட்டுங்க."

மணிவேல் தன் ஹெல்மெட்டை அக்கா தலையில் மாட்டி, கொண்டைக்கு மேல் அழுத்தினான். நான் கொடியை இறக்கினேன்.

பின்பக்கமாக ஓடுகிற வண்டியை வேகத்தில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இத்தனூண்டு தொட்டால் போதும், வண்டி பம்பரமாகிவிடும். கையில் அவசரம் இருக்கக்கூடாது. அண்ணனுக்கோ அவசரமில்லாத கை. வருஷக் கணக்காக அடுக்குமாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்திய கை. எஞ்சின் அலறியதற்கு மேலாக அக்காவின் குரல், அடுக்களை ஜன்னலிலிருந்து வருவது போலவே தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் இந்தப் பக்கம்... போதும்... அப்படியே... நாய் ஒண்ணு வருது... போயிருச்சு... நேராப் போங்க... இன்னும் வேகமாப் போங்க!"

அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் எல்லாரும் கேட்டோம். அண்ணன் இரண்டாவது கியர் போட்டார், மூன்றாவதும் போட்டார். செம்மண் மதில் மாதிரி எழுந்தது. அதற்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு பேருடையதுமாக.

கால் மைலில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் கார் தாண்டியது. நிற்கவில்லை. இன்னும் ஒரு கால் மைல் போய்த்தான் நின்றது. பிரேக் பிடிக்காமல் இல்லை. பிடிக்க மனசு வரவில்லை என்று பிறகு அண்ணன் சொன்னார். ஆபீஸர் குடையை மறந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார், எங்கள் எல்லாருக்கும் முன்னால். மூச்சிரைக்கப் போய் நின்று, செம்மண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஷெட் இருக்கட்டும்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அம்மா, உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?" என்றார்.

"இல்லீங்க சார். நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்க" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் ஷெட்டில் எல்லாரும் இருந்தோம். நாயகம் பெரிய ஸ்பேனரை எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு மூணு பேரும் இருக்கோம். எல்லாரும் பாக்க ஆக்ஸிலைச் சரியாத் திருப்பிப் போட்டுருவோம், என்னா?"

அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்தார். சரசு அக்கா கிணற்றடியில் மூன்றாவது தடவையாகத் தலையை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் சிவப்பாகவே ஓடியது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் நாயகம். இப்படியே இருக்கட்டும்."

"என்ன அண்ணாச்சி, தப்பா இருக்கேன்னு சொன்னேன்."

"சரி பண்ணிப்போட்டா நான் தனியா ஓட்ட வேண்டியதாப் போயிருமே."

நாயகம் ஸ்பேனரைப் பழைய இடத்தில் மாட்டினார். கால்மைல் அண்ணனை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று கடைசிவரை அவரிடம் நான் சொன்னதில்லை. பக்கத்து வீடு தானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.